மகளுக்குக் கொடுத்த கல்

அத்தியாயம் 9

என் அண்ணன் சாக்கிர் பாறை பாறையாகச் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டு என் வயிற்றில் அடித்ததைப் போன வாரம் சொன்னேன். சொல்லும்போது அழுதும் தொலைத்தேன். இந்த வாரம் அழுவதாக இல்லை.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. எங்கள் பக்கத்தில் சொத்துப் பிரிக்கும்போது மேட்டு வயல் மகனுக்கு, கீழே கடலோரம் கிடக்கும் கல்லும் முள்ளும் மகளுக்கு. உப்புக் காற்றில் அங்கே ஒரு கீரை முளைக்காது. ‘அவளுக்கும் ஏதோ கொடுத்தோம்’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்படித்தான் பெலன் ஊரின் கோதுமை வயல் அண்ணனுக்குப் போயிற்று. தாஷ்லிக் என்கிற கல்லுக்குடா எனக்கு வந்தது.

காலம் திரும்பியது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை விளிம்பில் மூச்சு வாங்க நடப்பதுதான் சந்தோஷம் என்று எங்கெங்கிருந்தோ ஜோடி ஜோடியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நடந்து களைத்தவர்கள் இறங்குகிற இடம் என் கல்லுக்குடா. நாலு அறை கட்டினோம். சூடாகச் சோறு போட்டேன். அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கல்லைத் தன் பேருக்கே எழுதிக்கொடு என்றான். மாட்டேன் என்றேன். தாஷ்லிக்குக்கு ரோடு கிடையாது. படகு, இல்லாவிட்டால் அந்த விளிம்புப் பாதை. பாதையை அடைத்துவிட்டால் என் அறைகளில் வௌவால்தான் குடியிருக்கும், நானே ஓடிவந்து கையெழுத்துப் போடுவேன் என்று கணக்குப் போட்டான். பாறையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு இருந்தால் வழி சரி, சிவப்புப் பெருக்கல் இருந்தால் போகாதே என்பது நடக்கிறவர்களுக்குத் தெரிந்த பாஷை. அந்தப் பாஷையிலேயே பொய் எழுதினான்.

நடைபாதைச் சங்கத்திலிருந்து பெல்கின் என்கிற அம்மாள் போனில் பேசினாள்.

“உங்க அண்ணன் பாதை இடிஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. புது வரைபடம் அச்சுக்குப் போகுது. எடுத்துடவா?”

“பொய் மேடம்! நான் பொறந்ததுல இருந்து நடக்கற பாதை அது.”

“நீங்க ஆடு மேய்ச்ச காலத்தைச் சொல்லாதீங்க. அந்த வழியில வர்றவங்க புருஷன் பொண்டாட்டியா, ஆளுக்குப் பதினாலு கிலோ சுமந்துக்கிட்டு வர்றாங்க. அப்படி ரெண்டு பேர் நடந்து வந்து காட்டினா வரைபடத்துல பாதை இருக்கும். வியாழக்கிழமை பெலன்ல இருப்பேன். ரெண்டு மணிக்கு என் வேன் கிளம்பிடும்.”

“நாங்களே வர்றோம்” என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகுதான் புருஷனிடம் சொன்னேன். அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

என் புருஷன் தாஹிர் கொத்தனார். கொன்யாக்காரர். பலகை போட்டது மாதிரி தட்டையான ஊர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த விளிம்பில் கால் வைத்ததில்லை. பெலனுக்குப் போவதென்றால் படகில் சுற்றிப் போய் ரோடு பிடிப்பார். உயரம் என்றால் அவ்வளவு பயம். பெண்டாட்டி ஊருக்கு வந்து குடியேறியதால் அண்ணன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்றுதான் தேநீர்க் கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லுவான். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. எங்கள் அறையில் தங்கியிருந்த இரண்டு மாணவர்கள் தங்கள் முதுகுப் பைகளைக் கொடுத்தார்கள். கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் திணித்து, ஆலிவ் எடை போடுகிற தராசில் மாட்டினேன். ஒன்று பதினாலு, இன்னொன்று பதினாலரை. பெரியதை நான் எடுத்துக்கொண்டேன்.

“அடியே முனிரே, எங்க ஊர்லயே உசரமான இடம் எது தெரியுமா? மசூதி வாசப்படி.”

“இன்னிக்கு அதைவிட நாலு படி கூட. அவ்வளவுதான்.”

“கீழ விழுந்தா பொறுக்க முடியுமாடி? நூத்தி எண்பது மீட்டர்!”

“யோவ், நீ கீழ பார்க்காத. என் முதுகைப் பாத்துட்டே வா.”

“இருபத்தாறு வருஷமா அதைத்தான் பாத்துட்டு வர்றேன்” என்று முனகிக்கொண்டே பையை மாட்டினார். அந்த மாணவர்கள், போகிறவர்கள் நல்லபடி திரும்ப வேண்டும் என்று எங்கள் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பினோம்.

ஆடு மேய்க்கும்போது அந்த ஏற்றத்தில் ஓடியவள் நான். அப்போது முதுகில் பதினாலரைக் கிலோ கிடையாது, வயதும் ஐம்பது கிடையாது. அரை மணியில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பொடிக்கல் சறுக்கியது. மே மாத வெயில் காலையிலேயே பிடரியில் ஏறியது. நூறு அடிக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஒவ்வொன்றையும் தாண்டும்போது, “இதுவும் உனக்குத்தான் அண்ணே” என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஏழாவது குறிக்கு மேல் அதற்கும் மூச்சில்லை.

தாஹிர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பாமல், பாறையைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு திருப்பத்தில் பை இடறி ஒரு கல் உருண்டது. அது கீழே விழுகிற சத்தத்துக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். சத்தம் வரவே இல்லை. “யா அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார்.

“திரும்பிடலாமா?” என்றேன். மனசு கேட்காமல்தான் கேட்டேன்.

“நடடி. கேள்வி கேக்காத.”

ஒன்பது மணிக்கு மணப்பெண் விளிம்புக்கு வந்தோம். முன்காலத்தில் கீழ்க்குடாவுக்கு வாழ்க்கைப்பட்டவளைக் குதிரையில் கூட்டிவருவார்கள். அந்த இடத்தில் மட்டும் அவள் இறங்கி நடந்தாக வேண்டும், அவ்வளவு குறுகல். செங்குத்துப் பாறையில் சற்றுக் கீழே துருத்தி நிற்கும் திட்டிலிருந்து கல்மேல் கல்லாகச் சுவர் எழுப்பி, அதன் தலைதான் பாதை. சாந்து கிடையாது. யார் கட்டினார்கள் என்றும் யாருக்கும் தெரியாது. பூகம்பத்துக்கே அசையாத சுவர்.

சுவர் இல்லை.

மூன்று எட்டு தூரத்துக்குப் பாதையே இல்லை. இந்தப் பக்கம் விளிம்பு, அந்தப் பக்கம் விளிம்பு, நடுவில் கடல் தெரிந்தது.

நான் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பொய் சொல்லவில்லை. பாதை இடிந்துதான் கிடக்கிறது. நான்தான் பெரிய இவளாட்டம் அந்த அம்மாளிடம் சவால் விட்டேன். பயந்த மனிதரை மலையுச்சிக்கு இழுத்து வந்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு. அவமானத்தில் காது சுட்டது. அண்ணனிடம் போய்க் கையெழுத்துப் போடுகிற காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது.

“ஆனது ஆச்சு, வாய்யா போகலாம். மழையில போயிருக்கு” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். பாறையை விடாமல் கட்டிக்கொண்டு வந்த மனிதர், பையைக் கழற்றி வைத்துவிட்டு விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே! தாஹிர்!

“மழை செஞ்ச வேலை இல்லடி இது” என்றார். “மழைன்னா சுவர் முதல்ல தொந்தி தள்ளும். அப்புறம் மண்ணோட சரியும். இங்க மண்ணு அப்படியே நிக்குது பாரு. அஸ்திவாரம் சுத்தமா கெடக்கு. அந்தப் பாறையில வெள்ளையா கீறல் தெரியுதா? கடப்பாரை. புதுசு.”

நான் அந்தக் கீறலைப் பார்த்தேன். “அண்ணனா?”

“நம்ம ஊர்ல கடப்பாரை எத்தனை பேர்கிட்ட இருக்கு, நான் கண்டேனா?” என்றவர் எழுந்து, வந்த திருப்பத்தைச் சுற்றிப் பத்து அடி போனார். அங்கிருந்து கூப்பிட்டார். “முனிரே! இங்க வா. ஓடிவா!”

பைன் மரத்தடியில் கல் அடுக்கி வைத்திருந்தது. பெரியது அடியில், நடுத்தரம் அதன்மேல், ஆப்பு வைக்கிற சில்லுக் கல்லெல்லாம் தனியாக ஒரு குவியல். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவி அடுக்கின மாதிரி அத்தனை சுத்தம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் கண்ணில் தண்ணீர் வரும், அதை அழுகையில் சேர்க்கக் கூடாது. பெலனில் கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு மேலே வைப்போம். நல்ல கல்லுக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதை. முகம் உள்ள கல்லை, அதாவது ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கிற கல்லை, காலால் தள்ளினால் அப்பா அறைவார். தங்கையின் வாழ்க்கையைக் கடலில் தள்ளத் துணிந்தவனுக்கு, நாலு நல்ல கல்லைத் தள்ள மனசு வரவில்லை!

“மணி என்ன?” என்றார் தாஹிர். சட்டைக் கையை மடித்தாகிவிட்டது.

“ஒன்பதே கால்.”

“பன்னெண்டுக்குள்ள எழுப்பிடலாம். நீ தூக்கிக் கொடு. நான் கேக்கறதை மட்டும் கொடு, உன் இஷ்டத்துக்குக் கொடுக்காத.”

அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் என் புருஷனிடம் நான் வாங்கிய திட்டு, இருபத்தாறு வருஷத்தில் மொத்தமாக வாங்கியதில்லை. “தட்டையானது கேட்டேன், தலகாணியையா கேட்டேன்?” “ஆப்புடி, ஆப்பு! அந்தக் குவியல்ல!” “குறுக்க வைக்காத, நீட்டமா கொடு!” பயத்தின் சுவடே இல்லை. கூடாரக் கயிற்றை இடுப்பில் சுற்றி மரத்தில் கட்டிக்கொண்டு, அஸ்திவாரப் பாறையில் குந்தி, கல்லைப் புரட்டிப் புரட்டி அதன் இடத்தைக் கண்டுபிடித்துப் பொருத்தினார். கீழே கடல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் விரல் இரண்டு நசுங்கி நகம் கறுத்துவிட்டது. எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தேனோ, இடுப்பு எனதில்லை.

பன்னிரண்டுக்குக் கடைசிக் கல் உட்கார்ந்தது. நான் பையை மாட்டிக்கொண்டு முன்னால் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

“கட்டினவன்தான் முதல்ல ஏறணும். அது எங்க தொழில் முறை.”

“யோவ், வேணாம்யா. நான் போறேன். எனக்குப் பழக்கம்.”

“உனக்கு மலைதான் பழக்கம். சுவர் என்னுது.”

பதினாலு கிலோவோடு அதன்மேல் ஏறினார். வேலை முடிந்ததும் பயம் திரும்ப வந்துவிட்டது போல. கை பாறையைத் தேடுவது பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது. மூன்றே எட்டுதான். இரண்டாவது எட்டில் நின்றுவிட்டார். கூப்பிடவும் பயம், கூப்பிடாமலிருக்கவும் பயம்.

மெதுவாகத் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

“முனிரே.”

“என்னய்யா?”

“கடல் நல்லாத்தான்டி இருக்கு” என்றார். பிறகு அந்தப் பக்கம் போய், பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் தாண்டிப் போய் அவர் முதுகில் கை வைத்தேன். இந்த மனிதரைத்தான் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்கிறார்கள். சொல்லட்டும். வீட்டைக் கட்டியவர், இப்போது பாதையையும் கட்டியவர். அப்படி ஒரு மாப்பிள்ளை அவர்கள் வீட்டில் இருக்கிறானா?

அங்கிருந்து பெலனுக்கு இரண்டு மணி நேர ஏற்றம். எங்களிடமும் அதே இரண்டு மணி நேரம்தான் இருந்தது. மழைநீர்த் தொட்டியருகே தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. காட்டு ஆலிவ் மரங்களைத் தாண்டும்போது கால் புரண்டு விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது.

“பையை இங்க போட்டுட்டு வா. நான் அப்புறம் வந்து எடுத்துக்கறேன்.”

“பதினாலு கிலோன்னு சொன்னாங்க. பதினாலு கிலோவோடதான் போவேன்.”

“வீம்புக்காரி.”

“ஆமா.”

பெலன் தேநீர்க் கடைக்கு முன்னால் வேன் உறுமிக்கொண்டு நின்றது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கையில் வரைபடச் சுருளோடு ஒரு அம்மாள் படியில் ஒரு கால் வைத்திருந்தாள்.

“பெல்கின் மேடம்!” என்று நான் போட்ட கத்தலில் ஆடுகள் சிதறின.

அவள் காலை இறக்கினாள். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். என் முழங்கால், தாஹிரின் கல்தூசி படிந்த கை, இரண்டு பைகள். டிரைவரைப் பார்த்து, “என்ஜினை நிறுத்துப்பா” என்று சொல்லி எங்களைக் கடைக்குள் கூட்டிப்போனாள்.

அந்தக் கடை என் அண்ணன் பெலனில் நடத்துகிற விடுதியோடு சேர்ந்தது. சாக்கிர் நடுமேஜையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஊர் ஆண்கள். அண்ணன் மனைவி தோந்து மதினி தட்டில் கண்ணாடிக் குவளைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கண் முதலில் தாஹிரின் கைக்குப் போயிற்று.

“நடந்துதான் வந்தீங்களா?” என்றாள் பெல்கின்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். “பொய்! நடந்திருக்க முடியாது! படகுல வந்து ரோட்டுல ஏறியிருப்பாங்க. அந்த வீட்டோட மாப்பிள்ளை நாற்காலி மேல ஏறினாலே மயக்கம் போட்டுருவான். மணப்பெண் விளிம்புல சுவரே கிடையாது மேடம், எப்படித் தாண்டுவாங்க?”

“சுவர் இல்லைதான் அண்ணே” என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம். “இடிச்சுக் கெடந்துச்சு. ஆனா நீ அழகா அடுக்கி வச்சிருந்தியே, அந்தக் கல்லை எடுத்து என் புருஷன் திரும்பக் கட்டிட்டாரு. என்ன இருந்தாலும் அப்பாவோட புள்ள நீ. நல்ல கல்லைத் தூக்கி எறிய உனக்கு மனசு வரல.”

“நான் எங்கடி அடுக்கினேன்? ஒரு கல்லு மிச்சமில்லாம கடலுக்குப் போயாச்சு!”

தாஹிர் நிதானமாகப் பையை இறக்கி வைத்தார். “கடலுக்குப் போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா மச்சான்?”

ஒரு பெரியவர் பாதி குடித்த தேநீரை மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் அவர் பின்னால் எழுந்தார். பாதையை இடித்தவன் கடையில் பெலன்காரன் தேநீர் குடிக்க மாட்டான். அண்ணன் முகம் வெளுத்தது. ஆனால் அவன் பார்த்தது அவர்களையும் இல்லை, என்னையும் இல்லை. மெல்லத் திரும்பி மதினியைப் பார்த்தான்.

“நான் உன்னை என்னடி செய்யச் சொன்னேன்?”

தோந்து மதினி அந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“நீங்க அந்தப் பக்கம் பேத்துப் போட்ட கல்லையெல்லாம் கீழ தள்ளிவிடச் சொன்னீங்க. சொல்லிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்துட்டீங்க. நான் தள்ளல. ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கிட்டு, அஸ்திவாரப் பாறையிலயே தவழ்ந்து இந்தப் பக்கம் வந்தேன்.”

“ஏன்டி?”

“எங்க அப்பாவும் எனக்குக் கடலோரத்துல கல்லுதாங்க கொடுத்தாரு. பொறந்த வீட்டுல பங்கு கேக்கற பொண்ணு உருப்படாது, அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துட்டு வான்னு என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனது நீங்க. இன்னிக்கு அங்க ஹோட்டல் நிக்குது. நான் இங்க டீ ஊத்தறேன். இன்னொரு பொம்பளையோட கல்லையும் என் கையாலயே கடல்ல தள்ளணுமா?”

பெல்கின் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். பைகள் இரண்டையும் ஒரு தடவை கையால் தூக்கிப் பார்த்தாள். பேனாவைத் திறந்து, தாஷ்லிக்கிலிருந்து பெலன் வரை விளிம்போடு ஒட்டிக் கோடு வரைந்தாள். அது என் கோடு. எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நான் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லை அடுக்கின கையை நான் மெச்சினேன், ஆனால் தப்பான ஆளிடம் மெச்சியிருக்கிறேன்.

“உள்ள போ” என்றான் அண்ணன் அவளிடம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “உள்ள போடி. அப்புறம் பேசிக்கறேன்.”

மதினி தட்டை மேஜையில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் கையை விட்டு அவிழ்த்தாள். மடித்து நாற்காலியில் போட்டாள்.

“முனிரே, உன் நாலு ரூம்ல ஒண்ணு காலியா இருக்கா?”

“உனக்கு இல்லாமலா மதினி?”

தாஹிர் பதறிப்போய், “வேன்லயே படகுத்துறை வரைக்கும் போயிடலாம் மதினி, நான் டிரைவர்கிட்ட கேக்கறேன்” என்றார்.

“வேன் எதுக்கு தம்பி? பொழுதிருக்கு. நீங்க வந்த வழியிலயே போவோம்” என்று சொல்லி, என் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் போய் வாசலை மறித்து நின்றான். மதினி நிற்கவில்லை, நடந்தாள்.